பீற்றர் லுட்விக் பானும்: நாட்களை எண்ணிய வைத்தியர்

மாணவர்களே, சின்னமுத்து தொற்றிய ஒருவரது உடலில் எத்தனை நாட்களின் பின் செந்நிறத் தடிப்புகள் தோன்றும் என்று வினாத்தாளில் கேட்டால், ஏறத்தாழப் பதினான்கு நாட்கள் என்று எழுதிவிட்டு அடுத்த வினாவுக்குச் சென்றுவிடுவீர்கள். கிடைப்பது ஒரு புள்ளி, கூடினால் இரண்டு. அந்தப் பதினான்கு எங்கிருந்து வந்தது என்று எப்போதாவது யோசித்ததுண்டா? நுணுக்குக்காட்டியோ ஆய்வுகூடமோ அதனைத் தரவில்லை. இருபத்தைந்து வயதுடைய ஓர் இளம் வைத்தியர், வட அத்திலாந்திக் சமுத்திரத்தின் நடுவே சில தீவுகளில் ஊர் ஊராகச் சென்று, யார் யாரை எந்தத் திகதியில் சந்தித்தார்கள் என்று கேட்டு எழுதி, அந்தத் திகதிகளை ஒன்றிலிருந்து ஒன்று கழித்துப் பெற்ற விடை அது. அவரது பெயர் பீற்றர் லுட்விக் பானும்.

பானும் 1820 டிசம்பர் 19ஆம் திகதி, போல்ற்றிக் கடலிலுள்ள போர்ன்ஹோம் என்னும் டென்மார்க்குத் தீவில் ரோன் நகரிற் பிறந்தார். தந்தையார் இராணுவப் படைப்பிரிவொன்றின் சத்திரசிகிச்சை வைத்தியர். மகன் முதலிற் கீல் பல்கலைக்கழகத்திலும் பின்னர் கொப்பன்ஹேகனிலும் மருத்துவம் பயின்று 1845இல் இறுதிப் பரீட்சையிற் சித்தியடைந்தார். அடுத்த ஆண்டே அவரது பெயரை நிலைநிறுத்திய வேலை அவரைத் தேடி வந்தது.

அதற்குச் செல்லுமுன் அக்கால மருத்துவ உலகம் எதனை நம்பியிருந்தது என்பதை நீங்கள் விளங்கிக்கொள்ள வேண்டும். அழுகும் பொருட்களிலிருந்தும் சதுப்பு நிலங்களிலிருந்தும் எழும் கெட்ட காற்றே நோய்களைத் தருகின்றது என்று வைத்தியர்களுட் பலர் நம்பினர். நோயாளியிடமிருந்து அடுத்தவருக்குத் தாவுகின்றது என்று கூறியவர்களும் இருந்தனர். இரு சாராரும் வாதிட்டனரே தவிர, எவரிடமும் உறுதியான சான்று இருக்கவில்லை. பக்ரீரியாக்களைப் பற்றிய கொக்கின் புகழ்பெற்ற ஆய்வுகள் வெளிவர இன்னும் முப்பது ஆண்டுகள் இருந்தன. வைரசு என்ற ஒன்றை எவரும் கற்பனை செய்தும் பார்த்ததில்லை.

பெருநகரில் இருந்துகொண்டு இந்த வாதத்தைத் தீர்க்க முடியாது. ஏன் என்று பாருங்கள். கொப்பன்ஹேகனில் ஒரு பிள்ளைக்குச் சின்னமுத்து வந்தால், அது எங்கே தொற்றியது என்று யாராற் சொல்ல முடியும்? கடைத்தெருவிலா, தேவாலயத்திலா, அயல் வீட்டிலா? அந்நகரில் நோய் எந்நேரமும் எங்கோ ஓரிடத்தில் இருந்துகொண்டே இருக்கும். ஒரு நாளிற் சந்திப்பவர்களோ எண்ணற்றவர்கள். சந்திப்புகள் குறைவாகவும், ஒவ்வொரு சந்திப்பும் நினைவில் நிற்கக் கூடியதாகவும் உள்ள ஓரிடமே இதற்குத் தேவை. அப்படியோர் இடம் டென்மார்க்கின் ஆட்சியின் கீழேயே இருந்தது.

பரோ தீவுகள் எனப்படுபவை ஸ்கொட்லாந்துக்கும் ஐஸ்லாந்துக்கும் இடையே, சமுத்திரத்தின் நடுவே அமைந்த பதினெட்டுத் தீவுகள் ஆகும். அவற்றுட் பதினேழில் மக்கள் வாழ்ந்தனர். 1846இல் மொத்தச் சனத்தொகை 7,782. ஆடு வளர்ப்பும் மீன்பிடியும் அவர்களது சீவனோபாயம். ஓர் ஊருக்கும் மற்றோர் ஊருக்கும் இடையே செங்குத்தான மலை இருக்கும், அல்லது நீரோட்டம் மிகுந்த கடல் இருக்கும். படகு விடக் காலநிலை இடங்கொடாத நாட்களும் பல. வெளியுலகத் தொடர்போ இன்னும் குறைவு. தீவுகளின் வர்த்தகம் முழுவதும் டென்மார்க்கு முடியின் தனியுரிமையாக இருந்தது. 1856 வரை இந்நிலை நீடித்தது. ஆகவே ஆண்டொன்றுக்கு வரும் கப்பல்களை எண்ணிவிடலாம். ஒரு கப்பல் வந்த நாளும் அதில் யார் வந்திறங்கினார் என்பதும் எல்லோருக்கும் தெரிந்த செய்திகள்.

இத்தீவுகளில் இதற்கு முன் 1781இல் சின்னமுத்து பரவியிருந்தது. அதன் பின் அறுபத்தைந்து ஆண்டுகளாக அந்நோய் அங்கே தலைகாட்டவில்லை. இதற்கான காரணத்தை இன்று நாம் அறிவோம். ஒருமுறை இந்நோய் வந்து மாறியவருக்கு அது மீண்டும் வருவதில்லை. எனவே ஒரு சிறு சமூகத்தில் எல்லோருக்கும் வந்து முடிந்ததும் புதிதாகத் தொற்றுவதற்கு ஆளில்லாமல் நோய் அணைந்துவிடும். சின்னமுத்து ஓரிடத்தில் இடையறாது நிலைத்திருக்க வேண்டுமாயின் அங்கே சில இலட்சம் மக்களாவது வாழ வேண்டும். ஏழாயிரம் பேர் எம்மாத்திரம்! நன்மை போலத் தோன்றும் இந்த விடயத்தில் ஓர் ஆபத்து ஒளிந்திருந்தது. 1846இல் அறுபத்தைந்து வயதுக்குக் குறைந்த எவருக்கும், அங்கேயே பிறந்து வளர்ந்தவராயின், அந்நோய்க்கெதிரான நிர்ப்பீடனம் இருக்கவில்லை.

அவ்வாண்டு மார்ச் 20ஆம் திகதி தளபாடம் செய்யும் தச்சுத் தொழிலாளி ஒருவர் கொப்பன்ஹேகனிலிருந்து கப்பலேறினார். புறப்படுவதற்குச் சற்று முன்னர் அவர் சின்னமுத்து நோயாளர்களைப் பார்க்கச் சென்றிருந்தார். மார்ச் 28இல் பரோ தீவுகளின் தலைநகரான தோர்சவ்னில் வந்திறங்கினார். அப்போது அவர் சுகமாகவே இருந்தார். ஏப்ரல் மாத முற்பகுதியில் அவருக்கு நோய் கண்டது. அடுத்து நோயுற்றவர்கள் அவருடன் நெருங்கிப் பழகிய நண்பர்கள் இருவர். அங்கிருந்து தொடங்கிய நோய் ஏறத்தாழ ஆறு மாதங்களுள் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோரைப் பாயில் வீழ்த்தியது. சனத்தொகையில் இது நான்கில் மூன்று பங்கிற்கும் அதிகம் என்பதைக் கணக்கிட்டுப் பாருங்கள். எமது ஊர்களிற் சின்னமுத்து என்றால் பிள்ளைகளின் நோய், தாயார் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்வார். அங்கே தாய், தந்தை, பிள்ளைகள் எல்லோரும் ஒரே நேரத்திற் படுத்துவிட்டால் யார் யாரைப் பார்ப்பது? ஒரு வயதிற்குக் குறைந்த குழந்தைகளிடையேயும் வயது முதிர்ந்தோரிடையேயும் இறப்பு மிகுந்திருந்தது.

தீவுகளில் இருந்த வைத்தியர்கள் மிகச் சிலர். எனவே டென்மார்க்கு அரசாங்கம் பானுமையும் அவரை ஒத்த வயதுடைய மனிக்கஸ் என்னும் மற்றோர் இளம் வைத்தியரையும் அங்கு அனுப்பிவைத்தது. (மனிக்கஸின் பெயர் இன்று அநேகமாக மறக்கப்பட்டுவிட்டது. அவரும் அதே கடலில், அதே மழையில் அலைந்தவர்தான்.)

நோயைக் குணமாக்கும் மருந்து அவர்களிடம் இருக்கவில்லை. சின்னமுத்து வைரசை அழிக்கும் சிறப்பு மருந்து இன்றும் கிடையாது. நோயாளரைப் பராமரிப்பதோடு அவர்கள் நின்றிருந்தாலும் எவரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். பானும் அதற்கு மேலே சென்றார். மக்கள் எப்படி வாழ்கிறார்கள் என்பதை முதலில் அவதானித்தார். நடுவே அடுப்பெரியும் ஒரே அறையில் குடும்பம் முழுவதும் கூடியிருக்கும் அவர்களது வீடுகள், உண்ணும் உணவு, அணியும் ஆட்டுத்தோற் பாதணி, ஊருக்கு ஊர் நடக்கும் போக்குவரத்து எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். அவரது அறிக்கையைப் படிப்பவர்கள் நோயைப் பற்றிய பகுதிக்கு வந்து சேர வெகுநேரம் ஆகும். அப்பக்கங்களைத் தாண்டிச் செல்ல வேண்டும் போல் தோன்றினாலும், அவற்றைப் படியாமல் நோய் எப்படிப் பரவியது என்பது விளங்காது என்பதே எனது கருத்து.

பின்னர் அவர் கேள்வி கேட்கத் தொடங்கினார். இவ்வூரில் முதலில் நோயுற்றவர் யார்? தடிப்புகள் எந்தத் திகதியில் வெளிப்பட்டன? அதற்கு முன் அவர் எந்த ஊருக்குச் சென்றார், அல்லது எந்த ஊரிலிருந்து யார் வந்தார்கள்? அவ்வாறு வந்தவருக்கு அப்போது உடம்பில் தடிப்பு இருந்ததா? கேள்விகள் மிக எளியவை. உங்களாலும் கேட்க முடியும். ஆனால் இவற்றை ஐம்பத்திரண்டு ஊர்களைப் பற்றி ஒரே ஒழுங்கிற் சேகரித்து அருகருகே வைத்து நோக்கியதிலேயே அவரது ஆற்றல் தெரிகின்றது.

இதற்கு ஓர் உதாரணத்தை நன்றாகக் கவனியுங்கள். தியோர்னெவிக் என்பது மலைகளால் சூழப்பட்ட, கடலைப் பார்த்தபடி அமைந்த ஓர் ஒதுக்குப்புறச் சிற்றூர். 1846 ஜூன் 4ஆம் திகதி அவ்வூரிலிருந்து ஒரு படகில் பத்து ஆண்கள் வெஸ்ட்மன்னா என்னும் ஊருக்குச் சென்றனர். அங்கே திமிங்கில வேட்டை. பரோ தீவுகளில் இது பெருங்கூட்டமாகச் சேர்ந்து செய்யும் வேலை. திமிங்கிலக் கூட்டத்தைக் கண்டால் பல ஊர்ப் படகுகளும் ஒன்றுசேர்ந்து அதனைக் குடாவுக்குள் விரட்டும். கரையில் எல்லோரும் தோளோடு தோள் உரசி நின்று வேலை செய்வர். பின் இறைச்சி பங்கிடப்படும். அத்தகைய நாளின் திகதியை ஒருவரும் மறக்கமாட்டார். வேட்டை முடிந்து பத்துப் பேரும் ஊர் திரும்பினர். ஜூன் 18ஆம் திகதி அப்பத்துப் பேருக்கும் தடிப்புகள் வெளிப்பட்டன.

பதினெட்டிலிருந்து நான்கைக் கழியுங்கள். பதினான்கு. பத்துப் பேருக்கும் ஒரே நாள் சந்திப்பு, பத்துப் பேருக்கும் ஒரே நாளில் தடிப்பு. அதன் பின் ஏறத்தாழ இரண்டு வாரங்கள் கழித்து அவர்களது வீட்டாருக்கும் ஊராருக்கும் நோய் கண்டது. ஊரின் காற்று கெட்டதனால் நோய் வந்திருந்தால், படகிற் சென்றவர்களுக்கு மட்டும் முதலில் வந்து, ஊரில் நின்றவர்களுக்கு இரண்டு வாரம் பிந்தி வரக் காரணம் என்ன? கெட்ட காற்றுக் கொள்கையினரால் இதற்கு விடை கூற முடியாது.

ஏனைய ஊர்களின் திகதிகளும் இதே கணக்கையே காட்டின. ஓர் ஊரில் முதலில் ஒருவர், அல்லது ஒரு படகிற் சென்று வந்த சிலர். பதினான்கு நாட்கள் அமைதி. பின்னர் அவர்களுடன் கூடியிருந்தவர்கள். மீண்டும் ஓர் இடைவெளி. அதன் பின்னர் எஞ்சியோர். கடலலை ஒன்றன்பின் ஒன்றாக வருவது போல நோய் வந்தது. நோயாளி எவருமே வந்து போகாத ஊருக்குள் நோய் நுழையவில்லை. தமது ஊரையோ வீட்டையோ பிறர் அணுகாதபடி அடைத்துக்கொண்டவர்களும் இருந்தனர். நோயின்றித் தப்பியோருட் கணிசமானோர் இவர்களே. சின்னமுத்தைத் தடுப்பதற்கு உறுதியான வழி தனிமைப்படுத்தலே எனப் பானும் முடிவு செய்தார்.

இங்கே ஒரு விடயத்தைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். ஏனெனில் விடைத்தாள்களிற் பலர் தடுமாறும் இடம் இது. பானும் எண்ணியது தொற்றிய நாளிலிருந்து தடிப்புத் தோன்றும் நாள் வரையிலான காலத்தை. காய்ச்சலும் இருமலும் கண் சிவத்தலும் தடிப்புக்குச் சில நாட்கள் முன்னரே தொடங்கிவிடும். ஆகவே முதல் அறிகுறி வரையிலான நோயரும்பு காலத்தைக் கேட்டால் பத்து முதற் பன்னிரண்டு நாட்கள் என்பதும், தடிப்பு வரையிலான காலத்தைக் கேட்டால் ஏறத்தாழப் பதினான்கு நாட்கள் என்பதும் பொருத்தமான விடைகளாகும். வினாவை முழுமையாக வாசித்த பின் எழுதுங்கள்.

நாட்களைப் போலவே ஆண்டுகளையும் அவர் எண்ணினார். 1781இல் சின்னமுத்து வந்து மாறிய முதியவர்கள் சிலர் அத்தீவுகளில் இன்னும் உயிரோடு இருந்தனர். அத்தகையோர் தொண்ணூற்றெட்டுப் பேரைப் பற்றி அவர் விசாரித்து அறிந்தார். அவர்களுள் ஒருவருக்கேனும் 1846இல் நோய் வரவில்லை. பேரப்பிள்ளைகளின் படுக்கைக்கு அருகிலேயே இருந்தும் வரவில்லை. அதே வயதுடைய வேறு சிலர் இளமையில் அந்நோயிலிருந்து தப்பியவர்கள். அவர்களை இம்முறை நோய் பற்றிக்கொண்டது. எனவே முதியவர்களைக் காத்தது அவர்களது வயதாக இருக்க முடியாது. ஒருமுறை பெற்ற நிர்ப்பீடனம் அறுபத்தைந்து ஆண்டுகளின் பின்னரும் அழியாமல் இருந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. இடையில் நோய் ஒருமுறை வந்து போயிருந்தாலும் இந்த முடிவைக் கூற முடியாமற் போயிருக்கும். தீவுகள் அறுபத்தைந்து ஆண்டுகள் ஒதுங்கியிருந்ததே இதனைச் சாத்தியமாக்கியது.

பானும் கூறியவை அனைத்தும் சரியென நினைத்துவிடாதீர்கள். தடிப்புகள் வெளிப்படும் வேளையிலேயே நோய் மற்றவருக்குத் தொற்றுகின்றது என்று அவர் கருதினார். தடிப்புத் தோன்றுவதற்கு ஏறக்குறைய நான்கு நாட்கள் முன்னரே நோயாளி மற்றவருக்குத் தொற்றைக் கொடுக்கத் தொடங்கிவிடுகிறார் என்பதை இன்று அறிவோம். தடிப்பைக் கண்ட பின் நோயாளியைத் தனியே வைப்பது ஏன் பெரும்பாலும் பிந்திப்போய்விடுகிறது என்பதும் இதனால் விளங்கும். நோயாளி நீங்கிச் சென்ற அறையின் காற்றிற்கூட இரண்டு மணித்தியாலங்கள் வரை வைரசு தொற்றும் நிலையில் இருக்கலாம். கெட்ட காற்றைப் பற்றிப் பேசியவர்களுக்கு இது ஓர் ஆறுதல்! ஆயினும் அக்காற்றைக் கெடுப்பது சதுப்பு நிலம் அன்று, நோயாளியின் மூச்சும் இருமலுமே.

பானுமின் அறிக்கை 1847இல் டெனிஷ் மொழியில் வெளிவந்தது. அதே ஆண்டில் ஜேர்மன் மொழியிலும், அறிஞர் விர்சோவின் சஞ்சிகையில் இடம்பெற்றது. லண்டனில் ஜோன் ஸ்னோ கொலரா நோயாளரின் வீடுகளுக்குச் சென்று எங்கே தண்ணீர் அள்ளினீர்கள் என்று விசாரித்தது 1854இல். அதாவது எட்டு ஆண்டுகள் பிந்தி. ஸ்னோவின் படமும் நீர்ப்பம்பியின் கதையும் பல நூல்களில் உள்ளன. பானுமுக்கு அநேகமாக ஒரு வரி கிடைத்தாலே பெரிது.

அவர் அதன் பின் தொற்றுநோய்களோடு நின்றுவிடவில்லை. பாரிசில் புகழ்பெற்ற உடற்றொழிலியலாளர் குளோட் பேர்னாட்டிடம் பயின்றார். 1853இல் கீல் பல்கலைக்கழகத்திற் பேராசிரியரானார். அழுகிய பொருட்களை மணிக்கணக்காகக் கொதிக்கவைத்த பின்னரும் அவற்றின் நச்சுத்தன்மை அழிவதில்லை என்பதை 1856இல் நாய்களிற் பரிசோதித்துக் காட்டினார். பக்ரீரியாக்களின் நச்சுப் பொருட்களைப் பற்றிய பிற்கால ஆய்வுகளுக்கு இது முன்னோடி. குருதி மாற்றீட்டுக்கு வேற்று விலங்கின் குருதியைப் பயன்படுத்தலாகாது, அதே இனத்தின் குருதியே பொருத்தமானது என்று 1863இல் எழுதினார். 1864இல் பிரசியாவுக்கும் ஒஸ்ரியாவுக்கும் எதிரான போரில் டென்மார்க்கு தோல்வியுற்று, கீல் நகர் டென்மார்க்கிடமிருந்து கைநழுவிப்போனது. அதே ஆண்டில் அவர் கொப்பன்ஹேகனிற் பேராசிரியராகி, அங்கே உடற்றொழிலியல் ஆய்வுகூடத்தை உருவாக்கினார். அங்கு அவரிடம் பணியாற்றிய மாணவருள் ஒருவர் கிறிஸ்ரியன் போர். அணுவின் அமைப்பைப் பற்றிப் படிக்கும்போது நீங்கள் சந்திக்கும் நீல்ஸ் போரின் தந்தையார் இவரே. 1884இல் கொப்பன்ஹேகனிற் கூடிய சர்வதேச மருத்துவ மாநாட்டுக்குப் பானும் தலைமை தாங்கினார். மறு ஆண்டு 1885 மே 2ஆம் திகதி காலமானார். கொப்பன்ஹேகன் பல்கலைக்கழகத்தின் மருத்துவ மாணவர்கள் கற்கும் பெருங்கட்டடம் அவரது பெயரைத் தாங்கி நிற்கின்றது.

சின்னமுத்து வைரசு 1954இல் தனியாக்கப்பட்டது. 1963இல் தடுப்பூசி பாவனைக்கு வந்தது. வைரசையே கண்ணாற் கண்டுவிட்ட பின் யார் யாரைச் சந்தித்தார் என்ற பழைய கேள்வி எதற்கு என்று உங்களுக்குத் தோன்றலாம். வைரசின் அமைப்பு தெரிந்திருந்தாலும், அது நாளை எந்த வீட்டுக்குச் செல்லும் என்பது மனிதரின் நடமாட்டத்திலேயே தங்கியுள்ளது. அதனால் அக்கேள்வி மீண்டும் கேட்கப்பட்டது. 2005, 2006ஆம் ஆண்டுகளில் பிரித்தானியா, ஜேர்மனி, இத்தாலி, போலந்து உட்பட எட்டு ஐரோப்பிய நாடுகளில் 7,290 பேரிடம் ஒரு நாட்குறிப்பு கொடுக்கப்பட்டது. ஒரு நாள் முழுவதும் நேருக்கு நேர் பேசிய, அல்லது தொட்ட ஒவ்வொருவரையும் அதிற் குறிக்க வேண்டும். அவர் என்ன வயதினர், எங்கே சந்தித்தது, எவ்வளவு நேரம், தொட்டுக்கொண்டீர்களா என்பவற்றையும் எழுத வேண்டும். 2008இல் முடிவுகள் வெளிவந்தன. மொத்தம் 97,904 சந்திப்புகள். சராசரியாக ஒருவருக்கு ஒரு நாளிற் பதின்மூன்றுக்குச் சற்று அதிகம்.

அந்தச் சராசரியைவிட முக்கியமானது யார் யாருடன் என்பது. எல்லோரும் எல்லா வயதினருடனும் ஒரே அளவிற் பழகுவதில்லை. மனிதர் பெரும்பாலும் தத்தம் வயதினரையே நாடுகின்றனர். இந்தப் போக்கு மிக வலுவாகக் காணப்பட்டது உங்கள் வயதினரிடம்தான். பாடசாலை மாணவர் ஒருவரின் நாட்குறிப்பு அதே வயது மாணவர்களால் நிரம்பியிருந்தது. அங்கிருந்து நோய் வீட்டுக்குச் சென்று பெற்றோரையும், அவர்கள் வழியாக முதியவர்களையும் அடையலாம். தியோர்னெவிக் ஊரின் படகுக்கு ஈடாக இன்று எதனைச் சொல்லலாம் என்று கேட்டால் நான் வகுப்பறையைச் சொல்வேன். 2020 மார்ச் மாதத்தில் இலங்கையிற் பாடசாலைகள் மூடப்பட்டபோது நீங்கள் கீழ் வகுப்புகளிற் படித்துக்கொண்டிருந்திருப்பீர்கள். கொரோனா பரவிய அந்த மாதங்களிற் பல நாடுகளில், எத்தனை பேருக்கு நோய் வரும், எதனை மூடினால் எவ்வளவு குறையும் என்று கணித்தவர்கள் இந்த நாட்குறிப்புகளின் எண்களைப் பயன்படுத்தினர்.

அந்த எட்டு நாடுகளில் டென்மார்க்கு இருக்கவில்லை.